ராணிகள் இறங்கிய பிறகு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சதுரங்க வல்லுநர்கள் அல்லர். திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் கூடி, படித்த கதைகளைப் பற்றி ஒரு மணி நேரமும், பலகையை விரித்து இரண்டு மணி நேரமும் செலவிடுகிற நால்வர் மட்டுமே. இலக்கியம் பேச வந்தவர்கள் பலகையில் ஆழ்ந்துபோனதா, பலகைக்கு வந்தவர்கள் இலக்கியத்தைச் சாக்காக வைத்துக்கொண்டதா என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளாக எங்களிடம் விடையில்லை. மாடியின் மேற்குச் சுவரில் சாய்ந்தால் மலைக்கோட்டை தெரியும். கோட்டை இருக்கிறது, அதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. எங்களுக்கு இறுதியாட்டத்தின் மீது ஒரு சாய்வு ஏற்பட்டதற்கு இந்தக் காட்சியும் காரணமாக இருக்கலாம்.

எங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பூட்டுத் தொழிலாளி. மாங்காய்ப் பூட்டு செய்வதில் கைதேர்ந்தவர். உறவு முறை எதுவும் இல்லாவிட்டாலும் அவரை மாமா என்றே அழைத்து வருகிறோம். ராணியை வைத்துக்கொண்டு ஆட அவர் எங்களை அனுமதித்ததே இல்லை. முதல் ஓராண்டு ராஜாவும் சிப்பாய்களும் மட்டும்தான். "பெரிய காய் இருந்தா நீ யோசிக்க மாட்டே, அது உனக்காக யோசிக்கும்" என்பார். இறுதியாட்டத்தையே முதலில் பயில வேண்டும் என்று காபாபிளாங்கா வலியுறுத்தியதை நாங்கள் பின்னாளில் புத்தகத்தில் படித்து வந்து சொன்னபோது, "யாரு, வெளியூர்க்காரரா? விவரமானவர்தான்" என்று ஒப்புதல் அளித்தார்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கும் குகேஷுக்கும் இடையிலான உலகச் சாம்பியன்ஷிப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். பதின்மூன்று ஆட்டங்களின் முடிவில் இருவரும் ஆறரைப் புள்ளிகளில் நின்றார்கள். இந்த ஆட்டமும் சமநிலையில் முடிந்தால் மறுநாள் விரைவாட்டங்கள். அவற்றில் அனுபவம் மிக்க டிங்கின் கையே ஓங்கியிருக்கும் என்பது பரவலான கணிப்பு. டிங்குக்கு வெள்ளைக் காய்கள். நம் நேரப்படி பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்தை, ஞாயிறு அல்லாதபோதும், நாங்கள் நால்வரும் மாமாவும் மாடி அறையில் ஒரே திரையில் பார்த்தோம்.

இங்கே சொல் வழக்கு பற்றி ஒரு வரி. எங்கள் வழக்கில் ரூக் என்பது யானை, பிஷப் என்பது மந்திரி. கட்டங்களைச் சுட்ட உலக வழக்கப்படி ஏ முதல் எச் வரை எழுத்தும், ஒன்று முதல் எட்டு வரை எண்ணும். ஆட்டம் அறியாத வாசகர்கள் கட்டங்களின் பெயர்களைத் தாண்டிச் சென்றாலும் குறை வராது.

இருபத்தெட்டு நகர்வுகள் வரை நிலை சமம். இருவரிடமும் ராணி, இரண்டு யானைகள், ஒரு மந்திரி, மூன்று சிப்பாய்கள். டிங்கின் ஒரு சிப்பாய் மட்டும் பி வரிசையில் தன் கூட்டத்தை விட்டுத் தனியே நின்றது. இருபத்தொன்பதாவது நகர்வில் அவர் அதைத் தாமாகவே ஓரடி தள்ளி, பி4 கட்டத்தில் குகேஷின் ராணிக்கு இரையாக வைத்தார். குகேஷ் வெட்டினார். முப்பதாவது நகர்வில் ராணியை ராணி வெட்ட, அந்த ராணியை யானை வெட்டியது. பிறகு இன்னொரு ஜோடி யானைகளும் இறங்கின. முப்பத்திரண்டாவது நகர்வில் பலகையில் எஞ்சியவை: ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி, ராஜாக்கள், வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. எல்லாச் சிப்பாய்களும் ராஜாவின் பக்கமே.

ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து ராணிகளை இறக்கிய இந்தச் செயலைக் கண்டு பலர் வியந்தார்கள். எங்களுக்கு வியப்பு இல்லை. வேறோர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. 2013 நவம்பர் 16, சென்னை, ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் இடையிலான போட்டியின் ஆறாவது ஆட்டம். முந்தைய நாள்தான் ஆனந்த் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றிருந்தார். வெள்ளைக் காய்களோடு அமர்ந்தவர், முப்பத்தெட்டாவது நகர்வில் தம் ராணியை ஜி3 கட்டத்துக்கு இழுத்து ஒரு சிப்பாயைக் கைவிட்டார். நாற்பதாவது நகர்வில் ராணிகள் இறங்கின. அங்கும் ஒரு சிப்பாய் குறைவு. அங்கும் கணக்குப்படி சமநிலை. ஆளுக்கொரு யானை மட்டும் எஞ்சிய அந்த இறுதியாட்டத்தை ஆனந்த் இருபது நகர்வுகள் சரியாகவே தாங்கிப் பிடித்தார். அறுபதாவது நகர்வில் யானையை ஏ4-க்கு நகர்த்தினார். பி வரிசைச் சிப்பாயை இரண்டடி ஓட விட்டிருந்தால் ஆட்டம் சமநிலையில் நின்றிருக்கும் என்பது பிறகு ஆய்வில் தெரிந்தது. கார்ல்சன் உடனே எச் வரிசைச் சிப்பாயைப் பலியிட்டுத் தம் எஃப் வரிசைச் சிப்பாய்க்கு வழி திறந்தார். அறுபத்தேழாவது நகர்வோடு எல்லாம் முடிந்தது. பத்து ஆட்டங்களில் ஆறரைக்கு மூன்றரை என்று பட்டம் கைமாறியது. அந்தப் போட்டியைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்த்தவர்களில் ஏழு வயதுக் குகேஷும் ஒருவர்.

இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ராணிகளை இறக்கியவர்கள் செய்த பிழை என்ன என்ற கேள்வி எழுகிறது. கணக்கின் கண்ணால் பார்த்தால் பிழையே இல்லை. ஒரே பக்கத்தில் மூன்றுக்கு இரண்டு சிப்பாய்கள் என்ற நிலையைக் காப்பது கடினமன்று என்று பாடநூல்கள் சொல்கின்றன. டிங்கின் தேர்வை அறிவுக்குப் புறம்பானது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் உள்ளிருப்பது களைப்பு. ராணி இருக்கும் பலகையில் ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து வழிகளை எண்ண வேண்டும். எங்கிருந்து அடி விழும் என்று தெரியாது. ஒரு சிப்பாய் போனால் போகட்டும், இந்த ஓயாத கணக்கு ஓயட்டும் என்று மனம் கெஞ்சுகிறது. நாம் அனைவரும் அறிந்த கெஞ்சல்தான் இது.

இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். எங்களில் ஒருவர் அப்போது அப்படியொரு கெஞ்சலில் இருந்தார்.

அவருடைய தந்தை விட்டுச்சென்றவை இரண்டு: ஊருக்குள் ஒரு பூட்டுப் பட்டறை, வேடசந்தூர்ப் பக்கம் குடகனாற்றுச் சமவெளியில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். இரண்டிலும் அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை; ஆனால் அலிகாரிலிருந்து வந்து குவியும் மலிவுப் பூட்டுகளின் முன்னால் குறியீடு என்ன செய்யும்? பட்டறையை மூடலாமா, நடத்தலாமா, வாடகைக்கு விடலாமா என்று சகோதரர்களுக்குள் ஆறு ஆண்டுகள் ஓயாத வாக்குவாதம். கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னார். பட்டறை முழுவதையும் தான் எடுத்துக்கொள்வது. நிலம் முழுவதையும் தம்பிக்கு விட்டுவிடுவது. பத்திர அலுவலக மொழியில் இதற்குப் பரிவர்த்தனைப் பத்திரம் என்று பெயர். சந்தை விலையில் தம்பிக்குச் சற்று நட்டம். "ஒரு சிப்பாய் குறைவு, அவ்வளவுதான்" என்று எங்களிடம் சொன்னார். "இறக்கிவிட்டு நிம்மதியாத் தூங்குறேன்." கையெழுத்துக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள்.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். ராணிகள் இறங்கியபோது, சமநிலை உறுதி என்று எங்களில் இருவர் தேநீர் போட எழுந்தார்கள். மாமா எழவில்லை. "பையன் எழுந்திருக்கலையே" என்றார். உண்மைதான். பதினெட்டு வயதுக் குகேஷ் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, வெல்ல முடியாது என்று எல்லோரும் சொன்ன நிலையை அசைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். யானையை முதல் வரிசைக்குக் கொண்டுபோனார், திரும்ப அழைத்தார். ராஜாவை எச்6, ஜி5 என்று மெல்ல நடத்தினார். சிப்பாய்களை முன்னே தள்ளினார். நாற்பத்தாறாவது நகர்வில் எச்சம் இன்னும் சுருங்கியது: கறுப்புக்கு எஃப்5, ஜி4 என இரண்டு சிப்பாய்கள், வெள்ளைக்கு ஜி3-இல் ஒன்று. மிரட்டல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு நகர்விலும் எதிரியிடம் ஒரு சிறு கேள்வி மட்டும். எதிரில் இருந்தவரின் கடிகாரத்திலோ நேரம் கரைந்துகொண்டிருந்தது. பூட்டின் நெம்புத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் கை அப்படித்தான் இயங்கும் என்றார் மாமா. பலத்தால் எந்தத் தகடும் உயராது.

ஐம்பத்து மூன்றாவது நகர்வில் டிங் தம் மந்திரியை ஏ8-இல் வைத்தார். பலகையின் மூலை. மந்திரிக்கு மூலையில் ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. நடுவில் நிற்கும் மந்திரி நான்கு திசைகளில் போகலாம். மூலையில் நிற்பது ஒரே ஒரு பாதையில் மட்டுமே. அந்தப் பாதை திறந்திருக்கும் வரை ஆபத்தில்லை. நீண்ட மூலைவிட்டம் ஏ8 முதல் எச்1 வரை அகலமாகத்தான் கிடந்தது.

ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தம் யானையை எஃப்2-க்கு இழுத்து, யானைகளையும் மாற்றிக்கொள்ள அழைத்தார். திரையின் ஓரத்தில் கணினியின் மதிப்பீட்டுக் கம்பம் ஒரே பாய்ச்சலில் சரிந்தது. குகேஷுக்கு அந்தக் கம்பம் தெரியாது. சில கணங்கள் பலகையையே பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியதைப் பார்த்தோம். யானை யானையை வெட்டியது. ராஜா திரும்ப வெட்டினார். அடுத்து, குகேஷின் மந்திரி டி5 கட்டத்தில் வந்து நின்றது.

அந்த ஒற்றைப் பாதையின் நடுவில் வந்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏ8 மந்திரி பி7-க்கோ சி6-க்கோ நகரலாம்; அங்கேயும் வெட்டுப்படும். அங்கேயே நின்றாலும் வெட்டுப்படும். எதிரியை வெட்டினால் ராஜா திரும்ப வெட்டுவார். எந்த வழியிலும் மந்திரிகள் இறங்குவதைத் தவிர்க்க இயலாது. இறங்கிய பிறகு இரண்டு ராஜாக்கள், மூன்று சிப்பாய்கள். மாமா எங்களுக்கு முதல் ஆண்டில் கற்பித்த அதே பலகை. வெள்ளை ராஜா ஈ3-க்கு வந்தார். கறுப்பு ராஜா ஈ5-இல் எதிர்நின்றார். இனி வெள்ளை நகர்த்தியாக வேண்டும். சிப்பாய் ஜி4-ஆல் தடுக்கப்பட்டு நகர முடியாமல் நிற்கிறது; ராஜா எந்தப் பக்கம் விலகினாலும் மறுபக்கம் எதிரிக்கு வழி திறக்கிறது. நகர்த்தும் உரிமையே தண்டனையாகிப்போகும் நிலை அது. ஐம்பத்தெட்டு நகர்வுகளில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை. குகேஷ் பதினெட்டாவது உலகச் சாம்பியன் ஆனார்.

ஏழு காய்கள் வரை எஞ்சிய எல்லா நிலைகளையும் கணினி முழுமையாகத் தீர்த்து வைத்திருக்கிறது. டிங் யானையை நகர்த்தியபோது பலகையில் ஒன்பது காய்கள். யானைகள் இறங்கியதும் ஏழு. மனிதர்கள் இன்னும் தடுமாற இடமுள்ள பரப்பிலிருந்து, எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்ட பரப்புக்குள் அவர் தாமாகவே அடியெடுத்து வைத்தார். இம்முறையும் நிம்மதியைத் தேடித்தான். ராணிகளை இறக்கியதில் கிடைக்காத ஓய்வு யானைகளை இறக்கினாலாவது கிடைக்கும் என்று எண்ணியிருக்கலாம்.

குகேஷ் அழுதார். அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்கக் கட்டங்களில் திரும்ப அடுக்கினார். எங்களில் ஒருவர் டிங்கைக் குறித்து, பள்ளிப் பிள்ளைகூடச் செய்யாத தவறு என்று சிரித்தார். அன்றைக்குப் பலரும் அப்படித்தான் சிரித்தார்கள். மாமா கோபப்பட்டு நாங்கள் பார்த்தது அரிது, அன்று பார்த்தோம். "இருபத்தஞ்சு நகர்வு ஒருத்தன் சுமந்திருக்கான். கடைசிப் படியில கால் இடறினவனைப் பார்த்துக் கீழ நிக்கிறவன் சிரிக்கக்கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிரவு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. உயிர்கள் போயின, அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஆம்புலன்ஸ்கள் நள்ளிரவு தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு கற்பிப்பது அநாகரிகம். ஆனால் அந்த நாளை நினைக்கும்போது எங்கள் ஊரார் இரண்டையும் பிரித்து நினைக்க இயலாது என்பதால் இங்கே குறிக்கிறோம். மறுநாள் தேசமே கொண்டாடியபோது எங்கள் தெருவில் வெடிச் சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கம்போல வந்தார். வியாழக்கிழமைக் கோபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பலகையை விரித்து ஐம்பத்து மூன்றாவது நகர்வின் நிலையை அடுக்கினோம். யானையை எஃப் வரிசைக்கு இழுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மணிக்கணக்கில் ஆடிப் பார்த்தோம். நாங்கள் குகேஷின் பக்கம், மாமா டிங்கின் பக்கம். எங்களால் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. ராணிகளை இறக்கியது பிழை என்று அடித்துச் சொன்ன எங்கள் நண்பரைப் பார்த்து மாமா சொன்னார்: "இறக்கினதுல தப்பில்லப்பா. இறக்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனச்சதுதான். பெரிய காய் போனப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை கூடும்."

பிறகு ஏ8-இல் நின்ற மந்திரியை விரலால் சற்றே அசைத்தபடி, யாரையும் பாராமல் கேட்டார்: "ஆமா, அந்த வேடசந்தூர் நிலத்துக்கு வழி எந்தப் பக்கம்?"

நண்பர் சொன்னார்: "பெரியப்பா மகன் தோட்டத்து வரப்பு வழியாத்தான் மாமா. அப்பா காலத்துலேருந்து அப்படித்தான் போய்க்கிட்டிருக்கோம்."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. அப்போதே நகலை எடுத்து வரச் செய்து படித்தோம். சர்வே எண் இருந்தது, பரப்பளவு இருந்தது, நான்கு எல்லைகளும் செக்குபந்தியாகச் சரியாக எழுதப்பட்டிருந்தன. நிலத்துக்குள் போக வர வண்டிப் பாதைப் பாத்தியம் பற்றியோ, பொதுக் கிணற்றில் பாதிப் பங்கு பற்றியோ ஒரு வரியும் இல்லை. அண்ணன் மீது குறை சொல்ல முடியாது. அவரும் களைத்துப்போயிருந்தார், பத்திரம் எழுதியவர் பழைய மாதிரி ஒன்றைப் பார்த்துப் பெயர்களை மாற்றியிருந்தார். ஒரே ஒரு வரப்பை நம்பி நின்றது மூன்று ஏக்கர். வரப்பின் நடுவில் நாளை யாராவது ஒரு முள்வேலியை நட்டால் நிலத்துக்குப் போக வேறு வழியில்லை.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் மறுபடி சண்டை மூளுமோ என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆறு ஆண்டுச் சண்டையை முடிக்க இன்னும் நான்கே நாட்கள் இருந்தன. மாமா வற்புறுத்தவில்லை. மந்திரியை மூலையிலேயே விட்டுவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

மாலை நண்பர் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார். பேச்சு நயமாகத் தொடங்கி, உரத்துப் போய், மறுபடி தணிந்தது. பெரியப்பா மகனைச் சம்மதிக்க வைக்க அண்ணனே நேரில் போக வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரங்களும் சில பழைய மனத்தாங்கல்களைக் கிளறுவதும் தேவைப்பட்டன. தை பிறந்த பிறகு, பாதையும் கிணறும் தனிப் பத்தியாகச் சேர்க்கப்பட்டுப் பத்திரம் பதிவானது. பட்டறை அண்ணனுக்குப் போயிற்று. அதில் மாமாவின் கையால் தேய்ந்த பிடிகராவி ஒன்று இருந்தது. அதை மட்டும் அண்ணன் தம்பியிடம் கொடுத்தனுப்பினார்.

இப்போது நண்பர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். வேடசந்தூரில் முருங்கைக்கு நீர் பாய்ச்சிவிட்டு வருவதாகச் சொல்கிறார். நிம்மதியாகத் தூங்குகிறாரா என்று கேட்டோம். கிணற்று மோட்டார் முறை வைத்து ஓடுவதால் தமக்கு விழும் முறை பின்னிரவு இரண்டு மணிக்கு வருகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு பலகையின் அருகே அமர்ந்து, ராணிகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மற்ற காய்களை அடுக்கத் தொடங்கினார்.